மைக்கோவின் ஆறு ஆண்டுகள்

கியோட்டோவுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய ஒருவரின் கேள்வி இது. மாலை மங்கும் நேரத்தில் கியோன் பகுதியின் ஒரு சந்தில், வெள்ளை முகப்பூச்சும் கணுக்கால் வரை தொங்கும் இடைக்கச்சும் அணிந்த ஒரு பெண் விரைந்து நடந்து போவதைப் பார்த்திருக்கிறார். பதினேழு வயதுக்கு மேல் இருக்காது என்கிறார். “இந்த வயதில் எப்படிக் கெய்ஷா ஆனாள்? எங்கே படித்தாள்? குடும்பத்தார் விற்றுவிடுவார்கள் என்று நண்பர் சொல்கிறாரே, உண்மையா?”

கெய்ஷா என்பவர் விருந்துகளில் ஆடியும் பாடியும் உரையாடியும் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர். நீங்கள் பார்த்த பெண் இன்னும் கெய்ஷா ஆகவில்லை. அவள் மாணவி. கியோட்டோவில் அவளை மைக்கோ என்பார்கள். ‘ஆடும் பிள்ளை’ என்று பொருள். பயிற்சியை முடித்தவருக்கு அந்த ஊரில் கெய்கோ என்று பெயர். கெய்ஷா என்பது டோக்கியோப் பக்கத்தில் வழங்கும் சொல். அஞ்சலட்டைகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் கெய்ஷா என்று உலகம் முழுக்கக் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த மாணவியைத்தான். பூவும் பட்டும் மணியும் வெள்ளியும் அவள்மீதுதான் குவிந்திருக்கின்றன. படம் எடுப்பவர்கள் அவளைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஆனால் இந்தக் கலையில் ஒருத்தி தேறத் தேற, அந்த அலங்காரங்கள் ஒவ்வொன்றாக அவளைவிட்டு இறங்கிவிடும். மைக்கோவின் பயிற்சியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எதை எப்போது அணிவிக்கிறார்கள், எதை எப்போது எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

கியோட்டோவில் இத்தொழில் நடக்கும் பகுதிகள் ஐந்து: கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, மியாகவாச்சோ, பொன்தோச்சோ, கமிஷிச்சிகென். முதல் நான்கும் கமோ ஆற்றை ஒட்டி அருகருகே இருப்பவை. கடைசியானது நகரின் வடமேற்கில், கிதானோ தென்மாங்கு கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹனமாச்சி, அதாவது பூந்தெரு என்று இவற்றுக்குப் பொதுப்பெயர். ஐந்திலும் சேர்த்து இன்றைக்கு இருக்கும் மைக்கோக்கள் நூறு பேருக்குள்தான். நடுப்பகலில் கோயில் வாசலில் நிதானமாக நின்று படத்துக்கு முகம் காட்டும் ‘மைக்கோ’வை நீங்கள் பார்த்திருந்தால், அவர் வாடகை உடையில் வந்த சுற்றுலாப் பயணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உண்மையான மைக்கோவுக்கு நிற்க நேரம் இருக்காது.

நுழைவது பதினைந்து வயதில். ஜப்பானில் கட்டாயக் கல்வி நடுநிலைப் பள்ளியோடு முடிகிறது. அதை முடித்த பிறகே ஒகியா ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும். ஒகியா என்பது மைக்கோக்கள் தங்கிப் பயிலும் வீடு. அதை நடத்தும் பெண்மணி அங்குள்ள அனைவருக்கும் ‘ஒகாசான்’, அம்மா. மூத்தவர்கள் எல்லோரும் ‘ஒனேசான்’, அக்கா. இந்த முறைப்பெயர்கள் வெறும் மரியாதைக்கு இல்லை, பொறுப்பைப் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு. தங்கை ஒரு விருந்தில் தவறு செய்துவிட்டால், மறுநாள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது அக்காவின் கடமை. இப்போது சேர வரும் பெண்களில் பெரும்பாலோர் கியோட்டோவுக்கு வெளியே பிறந்தவர்கள். தொலைக்காட்சியிலோ பள்ளிச் சுற்றுலாவிலோ பார்த்து ஆசைப்பட்டு, பெற்றோரைச் சம்மதிக்கவைத்து வருகிறார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதில்லை.

முதல் கட்டத்தின் பெயர் ஷிக்கோமி. ஏறத்தாழ ஓராண்டு. இந்த ஆண்டில் அவளுக்கு எந்த அலங்காரமும் கிடையாது. முகப்பூச்சு இல்லை, பட்டு இல்லை. காலையில் எழுந்து வீட்டைத் துடைக்க வேண்டும், கடைக்குப் போய்வர வேண்டும், அக்காக்களின் உடைகளை மடிக்க வேண்டும், அவர்கள் உடுத்தும்போது பக்கத்தில் நின்று கைகொடுக்க வேண்டும். இரவு விருந்து முடிந்து கடைசி அக்கா திரும்பும் வரை தூங்கக்கூடாது. கைப்பேசி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது பல ஒகியாக்களின் வழக்கம். பேச்சையும் மாற்றியாக வேண்டும். ஹொக்கைடோவிலிருந்து வந்தாலும் கியூஷுவிலிருந்து வந்தாலும், பூந்தெருவுக்கே உரிய கியோட்டோ வழக்கில்தான் பேச வேண்டும். ‘தெசு’ என்று முடியும் இடத்தில் ‘தொசு’ வரும், நன்றிக்கு ‘ஓகினி’. உடலைவிட நாக்கைப் பழக்குவதுதான் கடினம் என்று இதைக் கடந்து வந்த பலர் சொல்வதுண்டு. பாதியில் வீடு திரும்பும் பெண்களில் மிகுதியானோர் இந்த ஓராண்டில்தான் திரும்புகிறார்கள்.

துடைப்பம் பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தாள் என்று தோன்றும். கதவை நின்றபடி திறக்காமல், மண்டியிட்டுத் திறப்பது; பாயின் விளிம்பை மிதிக்காமல் நடப்பது; கிமோனோவின் கை தேநீர்க் கிண்ணத்தில் படாமல் ஊற்றுவது; இவை எதற்கும் தனி வகுப்பு இல்லை. அந்த வீட்டில் ஓராண்டு வாழ்ந்தால் வந்துவிடும், இல்லாவிட்டால் வராது. எனக்கு இந்தக் கட்டத்தின்மீது மிகுந்த மதிப்பு உண்டு. கலையைக் கற்பிக்கும் முன் கவனத்தைக் கற்பிக்கிறார்கள்.

அதேசமயம் நடன வகுப்பும் தொடங்கிவிடும். கியோன் கோபுவில் அது யாசகா ஞோகோபா கல்வி நிலையம். இந்தப் பள்ளி 1870களில், பூந்தெருப் பெண்களுக்குத் தையலும் எழுத்தும் கற்பிக்கும் இடமாகத் தொடங்கியது. இன்று நடனம், ஷாமிசென் என்னும் மூன்று நரம்பு இசைக்கருவி, நாகவுத்தா முதலிய பாடல் வகைகள், தோள்மீது வைத்துத் தட்டும் சிறுமேளம், புல்லாங்குழல், தேநீர்ச் சடங்கு எல்லாம் அங்கே பாடங்கள். மைக்கோவாக அரங்கேறிய பிறகும், கெய்கோ ஆன பிறகும் மாணவியாகவே இருப்பார்கள். எழுபது வயதுக் கெய்கோ காலையில் வகுப்புக்குப் போவது அந்தத் தெருவில் புதுமை இல்லை.

நடனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைக்கோவின் உயிர்நாடி அதுதான். ஐந்து பகுதிகளும் வெவ்வேறு நடன மரபுகளைப் பின்பற்றுகின்றன. கியோன் கோபுவில் இனோவே மரபு மட்டுமே. இதைத் தொடங்கிய முதலாம் இனோவே யாச்சியோ (1767–1854), கியோட்டோவின் கொனோயே பிரபு குடும்பத்தில் பணியாற்றியவர். பின்வந்தவர்கள் நோ என்னும் பழைய மேடை நாடகத்தின் அடக்கத்தையும் புன்ராக்கு பொம்மலாட்டத்தின் அசைவுகளையும் இதில் சேர்த்தார்கள். இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலைச் சற்றே மடக்கி, மேல்உடல் அசையாமல் நகர வேண்டும். முகத்தில் உணர்ச்சி காட்டக்கூடாது. முகபாவத்தில் கதை படித்துப் பழகிய நம் கண்ணுக்கு முதலில் இது வெறுமையாகவே தோன்றும். பொறுமையாகப் பார்த்தால், ஒரு விசிறி மூடப்படும் விதத்திலேயே பிரிவின் துயரம் முழுதும் இருப்பது தெரியும். வகுப்பில் ஆசிரியர் ‘ஒதோமெ’ என்றால் நிறுத்து என்று பொருள். ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மாணவி வணங்கிவிட்டு வெளியேற வேண்டும். கியோன் கோபுவின் மூத்த கெய்கோக்கள் அந்தச் சொல்லை நினைத்து இன்றும் நடுங்குவார்கள்.

இந்த மரபுக்கு அந்தத் தெருவில் தனியுரிமை கிடைத்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1869-இல் பேரரசர் டோக்கியோவுக்கு இடம்பெயர்ந்தபின் கியோட்டோ தலைநகர் என்ற பெருமையை இழந்து சோர்ந்துபோனது. ஊருக்கு மறுபடியும் உயிர்கொடுக்க 1872-இல் ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். அதற்குத் துணையாக ஒரு நடன நிகழ்ச்சி வேண்டும் என்றபோது, மூன்றாம் இனோவே யாச்சியோ துணிந்து ஒரு காரியம் செய்தார். அதுவரை பாய் விரித்த அறையில் ஓரிருவர் ஆடிய நடனத்தைப் பெருங்குழுவாக மேடையேற்றினார். அதுதான் மியாகோ ஒடோரி. சில இடைவெளிகள் தவிர, ஒவ்வோர் ஏப்ரலிலும் இன்றுவரை நடந்து வருகிறது. இவர் நூறாண்டு வாழ்ந்து 1938-இல் மறைந்தார். இப்போதைய ஐந்தாம் இனோவே யாச்சியோ 2015-இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற அரசு மதிப்பைப் பெற்றவர். அத்தகையவரின் கண்முன் பதினாறு வயதுப் பெண் ஆடிக்காட்டித் தேற வேண்டும். தேறாமல் அடுத்த கட்டம் இல்லை.

அடுத்த கட்டம் மினராய். ‘பார்த்துக் கற்றல்’ என்பதே சொல்லின் பொருள். ஏறத்தாழ ஒரு மாதம். இப்போதுதான் முதல் முறையாக வெள்ளைப் பூச்சும் பட்டும் ஏறுகின்றன; ஆனால் இடைக்கச்சு பாதி நீளம்தான். அவளுக்கென்று ஒரு தேநீர் மாளிகையை ஒதுக்குவார்கள். விருந்து நடக்கும் அறையில் ஓரமாக உட்கார்ந்து அக்காக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது மட்டுமே வேலை. ஒரு விருந்தினரின் கிண்ணம் காலியாவதற்குச் சற்று முன்பே அக்காவின் கை எப்படி நீள்கிறது, வாய் ஓயாமல் பேசும் பெரியவரையும் பேசவே கூச்சப்படும் இளையவரையும் ஒரே உரையாடலில் எப்படி இழுத்துப் பிடிக்கிறார் என்பதையெல்லாம் கண்ணால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு மிசெதாஷி, அரங்கேற்றம். அதற்கு முன் அக்காவும் தங்கையும் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறு மது அருந்தி உறவு பூணுவார்கள். ஜப்பானியத் திருமணத்தில் மணமக்கள் செய்யும் அதே சடங்கு. அக்காவின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துத் தங்கைக்குப் புதிய பெயர் சூட்டுவார்கள். அரங்கேற்ற நாளில் கறுப்பு கிமோனோ, தலையின் இருபுறமும் அசையும் வெள்ளிச் சரங்கள், ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான தராரி இடைக்கச்சு, அதன் நுனியில் ஒகியாவின் முத்திரை. அந்தக் காலத்தில் சிறுமிகளாக இருந்த மைக்கோக்கள் வழிதவறினால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிய அந்த முத்திரை உதவியதாகச் சொல்வார்கள். காலில் பத்து சென்டிமீட்டர் உயர மரச்செருப்பு. அதன் குடைவுக்குள் சிறுமணி. உடையும் அணியும் சேர்ந்து பத்து கிலோவுக்கு மேல் வரும். கச்சை இறுக்கிக் கட்ட வலு வேண்டும் என்பதால் ஒதோகோஷி என்னும் ஆண் உடுத்துநர்கள் வீடு வீடாக வருவார்கள். ஆண்கள் கால் வைக்காத அந்த வீட்டின் உள்ளறைவரை போகும் ஆண்கள் அநேகமாக இவர்கள் மட்டுமே.

அலங்காரம் உச்சத்தில் இருப்பது இந்த நாளில்தான். இதற்குப் பிறகு குறையத் தொடங்குகிறது.

முதலாண்டு மைக்கோவின் கீழுதட்டில் மட்டும் சிவப்பு பூசுவார்கள். தெரியாமல் படம் எடுப்பவருக்கு அது ஒரு விந்தையான அழகு. தெரிந்தவருக்கு ‘இவள் புதியவள், தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவிப்பு. கூந்தலில் மாதத்துக்கு ஒரு பட்டுப்பூ: பிப்ரவரியில் பிளம், மார்ச்சில் கடுகுப்பூ, ஏப்ரலில் செர்ரி, மே மாதம் விஸ்டேரியா, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. புத்தாண்டில் மட்டும் நெற்கதிரும், கண் வரையாத ஒரு வெள்ளைப் புறாவும் சூடுவார்கள். மனத்துக்குப் பிடித்தவரிடம் அந்தக் கண்ணை வரையச் சொல்வது வழக்கம். ஆண்டுகள் போகப் போகப் பூக்கள் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, நிறம் அடங்கும். கழுத்துப் பட்டையில் சிவப்பின்மேல் வெள்ளைப் பூவேலை கூடிக் கூடி, சிவப்பு தெரியாமல் போகும்.

கூந்தல் அவளுடைய சொந்தக் கூந்தல். வாரத்துக்கு ஒருமுறை மெழுகு தடவி, இழுத்து வாரி முடிவார்கள். அது கலையாமல் இருக்க, கழுத்தை மட்டும் தாங்கும் உயரமான கட்டைத் தலையணையில் தூங்க வேண்டும். தொடக்கத்தில் ‘வரெஷினோபு’ என்னும் கொண்டை, இரண்டு மூன்று ஆண்டுகளில் ‘ஒஃபுகு’. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் முடியை இழுப்பதால் உச்சந்தலையில் சிறு வழுக்கை விழுந்துவிடுகிறது. அதை அவர்கள் மறைப்பதில்லை. பட்ட பாட்டின் தழும்பாகவே ஏற்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்குமேல் விருந்துகள். நடக்கும் இடம் ஓச்சாயா என்னும் தேநீர் மாளிகை. ஏற்கெனவே அறிமுகமான ஒருவர் அழைத்துப் போகாமல் புதியவர் நுழைய முடியாது. இதை வெறும் மேட்டிமை என்று நினைக்க வேண்டாம். விருந்தினர் அன்றைக்குப் பணம் தருவதில்லை. உணவு, கலைஞர் நேரம், திரும்பிப் போகும் வண்டி எல்லாவற்றையும் மாளிகையே முன்னின்று செலவழித்துப் பின்னர்தான் கணக்கு அனுப்பும். யாரென்று தெரியாதவருக்கு எப்படிக் கடன் கொடுப்பது? கலைஞரின் நேரத்துக்கான கட்டணத்தை முன்பு ஊதுவத்தி எரிந்து தீரும் அளவால் கணக்கிட்டார்கள்.

இனி, விற்றுவிடுகிறார்களா என்ற கேள்வி. முன்பு நடந்தது. வறிய குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு சிறுமியை ஒப்படைப்பதும், அவள் அந்தக் கடனை உழைத்துத் தீர்ப்பதும், மைக்கோவின் முதலிரவுக்குப் பணக்காரர் விலை பேசுவதும் போருக்கு முந்தைய ஜப்பானின் உண்மைகள். இவற்றைப் பூசி மெழுகுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். 1947-இல் சிறுவர் நலச் சட்டமும் தொழிலாளர் தரச் சட்டமும் வந்தன. உடல் உழைப்பையோ உடலையோ பிணைக்கும் முன்பணக் கடன் செல்லாது என்று 1955-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-இல் விபச்சாரத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 1958-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று ஒரு பெண் தானே விரும்பி வருகிறாள், வேண்டாமென்றால் போய்விடலாம்.

ஆனால் பணத்தின் அமைப்பு இன்னும் பழையதுதான். ஐந்தாறு ஆண்டுகள் நீளும் ஒப்பந்தக் காலத்துக்கு நென்கி என்று பெயர். தங்குமிடம், உணவு, பாடக் கட்டணம், உடை எல்லாம் ஒகியாவின் செலவு. ஒரு கிமோனோவின் விலையே லட்சக்கணக்கான யென். மைக்கோ ஈட்டுவது ஒகியாவுக்குப் போகிறது. அவளுக்குக் கைச்செலவுப் பணமும் விருந்தினர் தரும் அன்பளிப்பும்தான். மாதத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. 2022-இல் முன்னாள் மைக்கோ ஒருவர், தன்னைப் பதினாறு வயதில் மது குடிக்கவைத்தார்கள், விருந்தினருடன் குளிக்கச் சொன்னார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். ஜப்பான் முழுக்க விவாதம் எழுந்தது. அங்கே மது அருந்தும் வயது இருபது; பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை இரவு பத்து மணிக்குமேல் வேலை வாங்கக்கூடாது. மைக்கோ தொழிலாளி அல்ல, பயிற்சி மாணவி என்ற விளக்கத்தின் நிழலில்தான் அந்த விதி அவளைத் தொடாமல் போகிறது. எல்லா ஒகியாவும் அப்படி என்று சொல்ல மாட்டேன். பெற்ற மகளைப் போலக் காப்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனாலும் என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பதினாறு வயதுப் பெண்ணின் பாதுகாப்பு ஓர் ‘அம்மா’வின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. இனோவே மரபின் நடனத்துக்கு நள்ளிரவும் மதுவும் தேவையில்லை. காலை வகுப்பில்தான் அது வளர்கிறது.

தெருவிலும் அவளுக்குத் தொல்லை உண்டு. கையைப் பிடித்து நிறுத்திப் படம் எடுப்பவர்கள் பெருகியதால், 2019-இல் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். 2024-இல் சில சந்துகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியேவிட்டார்கள். நீங்கள் தள்ளி நின்று பார்த்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நல்லது செய்தீர்கள்.

இருபது, இருபத்தொரு வயதில் எரிகாயே, ‘கழுத்துப் பட்டை மாற்றம்’. அதற்கு முந்தைய சில வாரங்கள் மட்டும் ‘சாக்கோ’ என்னும் கொண்டை. சிலர் அந்த நாட்களில் பல்லுக்குக் கறுப்பு பூசுவார்கள். சில பூந்தெருக்களில் ‘குரோகாமி’, அதாவது கருங்கூந்தல் என்ற பழைய பாடலுக்கு ஆடுவார்கள். தனியே இருக்கும் பெண்ணின் ஏக்கத்தைச் சொல்லும் பாட்டு. கடைசி நாளில் கொண்டையின் முடிச்சை அவிழ்த்து முடிநுனியை வெட்டுவார்கள். அம்மாவும் அக்காக்களும் ஆளுக்கொரு கத்தரி வைப்பதுண்டு. ஐந்தாண்டுகள் கட்டைத் தலையணையில் காத்த கூந்தல் அது. அழாதவர் குறைவு.

மறுநாள் முதல் அவள் கெய்கோ. பட்டை வெள்ளை. கைகள் குட்டையான அடக்கமான கிமோனோ. பூக்கள் இல்லை. கூந்தலுக்குப் பதில் கழற்றி வைக்கக்கூடிய பொய்முடி. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சாதாரணத் தலையணையில் தூங்குவாள். நென்கி முடிந்ததும் தனி வீடு எடுத்துக்கொண்டு, தன் உடையைத் தானே வாங்கி, தன் வருமானத்தைத் தானே கணக்குப் பார்ப்பாள். மைக்கோவாக இருக்கும்வரை பிஞ்சு முகமே பாதிக் குறையை மறைத்துவிடும். இனி மறைக்க எதுவும் இல்லை. ஆட்டத்தில் பிசகினால் பிசகியதுதான். இந்த இடத்தில் தொழிலை விட்டுவிடுபவர்களும் நிறைய இருக்கிறார்கள். விலகுபவர், உதவியவர்களுக்குச் சோறு வைத்த பெட்டி அனுப்புவது பழைய வழக்கம். வெள்ளைச் சோறு என்றால் இனித் திரும்பமாட்டேன். சிவப்புப் பயறு கலந்திருந்தால் ஒருவேளை வருவேன்.

டோக்கியோவின் அசகுசா, முகோஜிமா போன்ற இடங்களிலும் கெய்ஷாக்கள் உண்டு. அங்கே பயிற்சிக் காலம் குறுகியது, பதினெட்டுக்குமேல் சேரலாம், தொடக்கத்திலிருந்தே பொய்முடி அணியலாம். கியோட்டோ அளவுக்கு நீண்ட பாதை வேறெங்கும் இல்லை.

கெய்கோக்களிலும் இரு வகை. ஆடுபவர் தாச்சிகதா, பாடி, ஷாமிசென் மீட்டுபவர் ஜிகதா. வயது ஏற ஏறப் பலர் ஆட்டத்திலிருந்து இசைக்கு நகர்வார்கள். அடுத்த முறை ஏப்ரலில் போனால் மியாகோ ஒடோரிக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள். விருந்துக்கு அழைப்பு வேண்டும், இதற்கு வேண்டாம். விளக்கு அணைந்ததும் “மியாகோ ஒடோரி வா” என்று ஒரு குரல் எழும். “யோய்யாசா” என்று இருபுறமிருந்தும் பதில் வரும். நீல கிமோனோ அணிந்த இளம்பெண்கள் அரங்கின் இரு பக்கப் பாதைகளிலும் வரிசையாக நுழைவார்கள். எல்லோருடைய கண்ணும் அவர்கள்மேல் போகும். உங்கள் கண்ணும் போகட்டும். பிறகு ஒருமுறை பக்கச் சுவரோரம் திரும்பிப் பாருங்கள். கறுப்பு கிமோனோவில், ஒரு பூகூட இல்லாமல், முகத்தில் அசைவில்லாமல் ஷாமிசென் மீட்டிக்கொண்டு மூத்த பெண்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் சிலர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே நீல உடையில், அதே பாதையில் நுழைந்தவர்கள்.